சாமிக்கு ஆகாத பூ

மார்கரெட் அக்கா ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அந்த வீட்டில் யாராவது ஒருவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வெறுப்பெல்லாம் இல்லை, பயம்தான். கேளம்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவருக்கு வேலை. விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களின் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவார். படூர், கேளம்பாக்கம், கோவளம், சில நாட்களில் கடற்கரைச் சாலையோடு மாமல்லபுரம் வரைக்கும். இத்தனை ஊரிலும் அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. ‘பிளட் எடுக்கிற அக்கா’ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது பெட்டிக்குள் ரத்தக் குழாய்கள் இருக்கும். ஸ்கூட்டரின் கொக்கியில், ஈரத்துணி சுற்றிய ஏதாவது ஒரு செடிக்கொம்பு தொங்கும். ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்ன கையோடு, “வாசல்ல அந்தச் செவப்புப் பூவு கீதே, ஒரு கொம்பு ஒடிச்சிக்கட்டுமா?” என்று கேட்பார். பஞ்சை அழுத்திக்கொண்டிருப்பவர் மாட்டேன் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

படூரில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் அவரும் அவர் கணவர் ஜெபசிங் அண்ணனும் குடியிருக்கிறார்கள். நானும் அப்பாவும் அம்மாவும் மாடியில். ஜெபசிங் அண்ணன் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறார். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட தெருவில் எங்கள் வீட்டில் மட்டும், சுற்றுச்சுவருக்கும் கீழ்வீட்டு ஜன்னலுக்கும் நடுவே ஒரு கட்டில் அகலத்துக்கு மண் மிச்சமிருக்கிறது. வீடு பார்க்க வந்த அன்று அக்கா நேராக அங்கேதான் போய்க் குந்தினார். மண்ணை ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தார்.

“சார், இதுல இன்னா வெச்சீங்க?”

“ஒண்ணும் வெக்கலையே. ஏம்மா?” என்றார் அப்பா.

“வெக்கலாமா?”

“தாராளமா வெச்சிக்கம்மா.”

ஜெபசிங் அண்ணன் உள்ளேயிருந்து கத்தினார். “கிச்சன மொதல்ல வந்து பாருடி.”

“கிச்சன் எங்க ஓடிடப் போவுது?”

அந்த ‘தாராளமா’ தனக்கு எவ்வளவு பெரிய சொல் என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் அவருடைய அப்பா அம்மா காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். வீட்டுக் கூரையின் தண்ணீர் சொட்டுகிற இடத்தோடு அவர்கள் இடம் முடிந்துவிடும். அதற்கு அப்பால் வேறொருவர் வரப்பு. வாசலில் ஒரு செடி வைக்க வேண்டுமென்றால்கூட யாரையாவது கேட்க வேண்டும். மார்கரெட் அக்கா செங்கல்பட்டில் லேப் படிப்பு முடித்து வேலைக்கு வந்த பிறகும், இருந்த வாடகை வீடுகளிலெல்லாம் சிமெண்ட் தரைதான். “உங்கப்பா அப்படிச் சொன்னாரா, இன்னொருக்கா சொல்லுங்க சார்னு கேக்கலாம் போல இருந்திச்சி” என்றார்.

என்ன வைப்பது என்பது மட்டும் அப்போது அவருக்கே தெரியாது. அதை முடிவு செய்தது மாமல்லபுரத்தில் இருக்கும் சுல்தான் பீவி வீட்டு ஜன்னல்.

சுல்தான் பீவிக்கு நெடுநாள் சர்க்கரை. ஓட்டல்களுக்கு மளிகை போடுகிற குடும்பம். பேச்சில் யாருக்கும் பயப்படாத அந்த அம்மா ஊசியைக் கண்டால் மட்டும் குழந்தையாகிவிடுவார். நரம்பும் லேசில் அகப்படாது. அவர் கவனத்தைத் திருப்ப அக்கா எதையாவது சொல்லுவார்.

“பீவிம்மா, ஜன்னலப் பாருங்க, இன்னாமோ வந்துகீது.”

“பொய் சொல்றே. போன வாட்டி பூனைன்னே. பூனையும் இல்ல, எலியும் இல்ல.”

“ஐய, இது நெசமாவே.”

நிஜமாகவே வந்திருந்தது. ஜன்னலை ஒட்டிய இட்லிப்பூச் செடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு குருவி. கறுப்பு என்று பார்த்தால் நீலம், நீலம் என்று பார்த்தால் ஊதா. கொம்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வளைந்த மூக்கை ஒவ்வொரு பூவாக விட்டு எடுத்தது. பக்கத்துக் கிளையில் வயிறு மஞ்சளான அதன் பெட்டை.

“எடுத்துட்டியா?” என்று பீவி கேட்டார்.

“எடுத்து நாழியாவுது. நீங்க அத்தப் பாத்துகினு இருந்தீங்க.”

“நீயும்தான் பாத்துக்கிட்டு இருந்தே, புள்ள. தேன்சிட்டு அது. தெனம் ரெண்டும் வந்துரும். வாடகை குடுக்காத குடித்தனம்.”

அன்று இட்லிப்பூக் கொம்போடு வந்த அக்கா மாடிப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “நாள் முச்சூடும் என்னைப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கிறாங்க. அது தானா வந்து குந்துது பாரு. என் ஜன்னலுக்கு ஒண்ணு வரணும். அது போதும் எனக்கு.” அவர் எதையும் இப்படி வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜெபசிங் அண்ணன் மனைவியின் ஆசையைக் கையில் எடுத்துக்கொண்டார். காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவே பேருந்துக்குள் உட்கார்ந்து செல்போனில் வெளிநாட்டு வீடியோக்கள் பார்ப்பார். அதில் ஒரு வெள்ளைக்காரர் சிவப்பு பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடுகிறார், காற்றில் நின்றபடியே பறவைகள் வந்து குடிக்கின்றன. அவை ஹம்மிங் பேர்டுகள். நம் பக்கத்தில் அந்த இனமே கிடையாது, நம் தேன்சிட்டு பெரும்பாலும் கொம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும். ஆனால் எங்கள் தெருவில் பாதிப்பேருக்குத் தேன்சிட்டுதான் ஹம்மிங் பேர்ட். என் அப்பாவும் அந்தப் பாதியில் ஒருவர். ஜெபசிங் அண்ணன் பாட்டிலை வாங்கி, சிவப்பாக இருக்க வேண்டுமே என்று அதில் நன்னாரி சர்பத்தை ஊற்றித் தொங்கவிட்டார். மறுநாள் பாட்டிலிலிருந்து கம்பி வழியாக, சுவர் வழியாக, சமையலறைச் சர்க்கரை டப்பா வரை எறும்புச் சாரை.

“குருவி வரல மார்கரெட்டு. எறும்பு குடும்பத்தோட வந்துகீது.”

“எலுமிச்சங்காய் புழிஞ்சி வெச்சிருந்தா நானாவது குடிச்சிருப்பேன்” என்றார் அக்கா.

அடுத்த தவறு அவருடையது. கடற்கரைச் சாலையோர நர்சரியில் இருப்பதிலேயே பெரிதாக, இருப்பதிலேயே அழகாகப் பார்த்து அடுக்குச் செம்பருத்திகள் வாங்கிவந்தார். ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ். தட்டு தட்டாகப் பூத்தன. ஒரு வண்டுகூட எட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் ரத்தம் எடுக்கப் போகிற வீடுகளின் வாசல்களை நின்று பார்க்க ஆரம்பித்தார். எந்த வீட்டில் குருவி வருகிறதோ, அந்த வீட்டில் இருந்தவை சாதாரணப் பூக்கள். ஐந்து இதழ் ஒற்றைச் செம்பருத்தி, இட்லிப்பூ, கொல்லையில் வாழை. “அடுக்குல எதழ் மேல எதழு. மூக்க நொழைக்க வழியே இல்ல. ஷட்டர் போட்ட கடை மாதிரி” என்று எனக்கு விளக்கினார். நர்சரிச் செடிகள் சுவர் ஓரத்துக்குப் போயின. ஒற்றைச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் ஜன்னலடிக்கு வந்தன, வேர் பிடித்தன, மொட்டு விட்டன.

மொட்டு விட்டன என்றுதான் சொல்ல முடியும். பூத்ததை அக்கா பார்க்கவில்லை.

அப்பா பக்தவத்சலம் கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு எங்கள் பூஜை அலமாரியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. போகிற கோயிலிலிருந்தெல்லாம் ஒரு படம் வரும். ஒவ்வொரு படத்துக்கும் காலையில் பூ வைத்தாக வேண்டும். தெருவில் நடைக்குப் போகிற பெரியவர்கள் பலரைப்போல அப்பாவும் இருட்டு பிரிவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு இறங்கிவிடுவார். சாமிக்குப் பறிக்கும் பூவுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பது இந்தத் தெருவின் எழுதாத சட்டம். விரிந்தது, விரியப் போவது எல்லாவற்றையும் செடிக்கு வலிக்காமல் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு ஏறிவந்துவிடுவார். செம்பருத்தி என்றால் சிவப்புதான் என்று அந்த நர்சரிச் செடிகளை மட்டும் தொட மாட்டார். அக்கா கிளம்பும்போது செடி பச்சையாக இருக்கும். வேலை முடிந்து வரும்போதும் பச்சையாகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குப் போய்வந்தவர் அம்மாவிடம் கறிவேப்பிலை கேட்க மாடிக்கு வந்தார். பூஜை அலமாரி திறந்திருந்தது. அத்தனை படத்திலும் அவருடைய செம்பருத்தி.

“எப்டி கீது?” என்றார் அப்பா, பெருமையாக.

“அழகா கீது சார்” என்று சொல்லிவிட்டு, கறிவேப்பிலையை மறந்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் பின்னாலேயே போய், அப்பாவிடம் சொல்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம் பாப்பா. வூடு அவருது. நாங்க வேதக்காரங்க. சாமிக்குப் பூ குடுக்க மாட்டேன்னு வேதக்காரி சொன்னான்னு ஆயிடும். இதுக்கு மின்ன வூடு தேடி எத்தினி வாசல் ஏறினோம்! பேரு கேட்டதும், ஊரு எது, எந்தத் தெருன்னு அடுத்த கேள்வி வரும். உங்கப்பா ஒரே கேள்விதான் கேட்டாரு, சாமான் ஏத்திகினு வண்டி எப்ப வரும்னு. எனக்கு அந்த மண்ணும் வேணும், இந்த மனுசனும் வேணும். அதான் பேஜாரு.”

யோசித்துப் பார்த்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். குருவிக்குப் பிடித்த, ஆனால் எந்தச் சாமிக்கும் ஆகாத பூவாகப் பார்த்து வைத்துவிட்டால், யாரையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. எது எது ஆகாது என்று தெரிந்துகொள்ள அப்பாவைவிட நல்ல ஆள் கிடையாது. சாயங்காலம் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் அக்கா வெங்காயம் உரிக்கிற சாக்கில் வந்து உட்காருவார்.

“சார், எருக்கம்பூ சாமிக்கு ஆவுமா?”

“இன்னாம்மா இப்டி கேட்டுட்ட! புள்ளையாருக்கு அதான மொதல்ல.”

“தும்ப?”

“சிவனுக்கு.”

“ஊமத்த? அது வெசமாச்சே சார்.”

“வெசத்தையே குடிச்சவருக்கு வெசப்பூ ஒரு பெரிய விஷயமா? அதுவும் சிவனுக்குத்தான்.”

“சங்குப்பூ?”

“பெருமாள் கலரும்மா அது!”

“அரளி?”

“அம்மனுக்கு.”

அக்கா உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். ஜன்னல் வழியாகக் குரல் கேட்கும். “ஒரு பூவ விட மாட்டேன்றாங்க ஜெபா. எல்லாத்தையும் அவங்களுக்குள்ள பங்கு போட்டு வெச்சிகினு கீறாங்க.”

“நம்ம சாமி ஒண்ணும் கேக்க மாட்டாரே. அவுரு பங்கையாவது குருவிக்குக் குடுக்கச் சொல்லு.”

அப்பாவுக்கோ இந்தக் கேள்விகள் ரொம்பப் பிடித்துப்போயின. பெற்ற மகள் ஒரு நாளும் கேட்காததைக் கீழ்வீட்டுப் பெண் கேட்கிறாளே! உற்சாகத்தில், ஆகாதவற்றையும் அவராகவே சொல்ல ஆரம்பித்தார். உண்ணிச்செடியா, கிட்டப் போனாலே நாற்றம். ஆடாதோடையா, இருமலுக்குக் கஷாயம் வைக்கலாம், அவ்வளவுதான். முருங்கைப்பூவைப் பொரியல் பண்ணலாம். அக்காவின் காது இதற்காகத்தான் காத்திருந்தது.

ஒரு மழைக்காலத்துக்குள் ஜன்னலடி மாறிவிட்டது. ஒற்றைச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் மதிலோரத்துக்கு நகர்ந்தன. தொட்டியில் உண்ணிச்செடி, மூலையில் ஆடாதோடை, சுவரோரம் ஒரு முருங்கைக் கொம்பு. நடுவில், இலையே இல்லாத மாதிரி நாணல் நாணலாக வளைந்து, சிவப்புக் குழல்கள் சரம் சரமாகத் தொங்கும் ஒரு செடி. நர்சரிக்காரர் வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். எங்களுக்கு அது குழல்பூ. அப்பா ஒரு நாள் கூடையோடு அதன் முன்னால் நின்று யோசித்தார். கிள்ளியதும் விரலிலேயே நசுங்கியது. விட்டுவிட்டார். மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மூச்சு வந்தது.

முதலில் வண்ணத்துப்பூச்சிகள் உண்ணிக்கு வந்தன. பிறகு குண்டுக் கருவண்டுகள் முருங்கையில் முனகிக்கொண்டு திரிந்தன. மழை ஓய்ந்த ஒரு காலையில் மார்கரெட் அக்கா செருப்பில்லாமல் மாடிக்கு ஓடிவந்து, கீழே இருப்பதற்குக் கேட்டுவிடும் என்பதுபோல அம்மாவின் காதருகே சொன்னார். “வந்துட்டுது.”

நாங்கள் எல்லோரும் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தோம். குழல்பூவில் ஆண் தேன்சிட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“ஹம்மிங் பேர்டு!” என்றார் அப்பா.

“ஆமா சார்” என்றார் அக்கா. அன்று அவர் எதற்கும் ஆமாம் சொல்லியிருப்பார்.

அடுத்த சில நாட்களில் பெட்டையும் வந்தது. கீழ்வீட்டுத் துணி காயப்போடும் கம்பியின் ஓரத்தில் அது நாரும் ஒட்டடையும் கொண்டுவந்து சுற்றத் தொடங்கியது. அந்தக் கம்பியில் இனித் துணி இல்லை, ஜெபசிங் அண்ணனின் சீருடை எங்கள் மொட்டைமாடிக்கு இடம் மாறியது.

அந்தச் சனிக்கிழமை நானும் அம்மாவும் உறவுக்காரர் நிச்சயதார்த்தத்துக்குச் செங்கல்பட்டு போயிருந்தோம். அக்காவுக்கு மாமல்லபுரம் முறை. மதியம் நாங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அவருடைய ஸ்கூட்டரும் வந்து நின்றது. வாசலில் அப்பா. முழங்கை வரை மண். வேட்டியெல்லாம் மண். முகமெல்லாம் சிரிப்பு.

“மார்கரெட்டு! கண்ண மூடிகினு வா!”

நாங்கள் மூவரும் கண்ணைத் திறந்துகொண்டுதான் போனோம். ஜன்னலடி மண் சுத்தமாகக் கொத்தப்பட்டிருந்தது. வரிசையாகத் துளசி, நந்தியாவட்டை, செக்கச் செவேலென்று அடுக்குச் செம்பருத்தி. உண்ணியும் ஆடாதோடையும் முருங்கையும் குழல்பூவும் வேர் மேலே தெரிய வெயிலில் குவிந்து கிடந்தன. கம்பியில் பாதி சுற்றிய நார் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“நீ தெனம் கேட்டுகினே இருந்தியே, எந்தப் பூ சாமிக்கு ஆவும்னு. வெளிய சொல்லக் கூச்சப்படறன்னு எனக்குத் தெரியாதா? ஆவாதது எல்லாத்தையும் புடுங்கிட்டேன். ஆளுகூட வெக்கல, நானே வெட்டி நட்டேன். இனிமே தெனம் நீயே உன் கையால பறிச்சி மேல குடு. எப்டி கீது?”

அக்கா குவியலைப் பார்த்தார். அப்பாவின் கையைப் பார்த்தார்.

“நல்லா கீது சார்.”

உள்ளே போனவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே போனார். கொஞ்ச நேரத்தில் ஜெபசிங் அண்ணனின் குரல் ஜன்னல் வழியாக ஏறியது. “நான் போய்க் கேக்கறேன். ஓனர்னா இன்னா வேணா பண்ணுவாரா?”

“இன்னானு கேப்ப? முட்டிவலிக்கார மனுசன் எனக்கோசரம் குந்திகினு மண்ணு வெட்டிகீறாரு. அதுக்கு இன்னானு கேப்ப, சொல்லு.”

சாயங்காலம் அவர் குவியலிலிருந்து பிழைக்கிற மாதிரி தெரிந்த கொம்புகளைப் பொறுக்கி ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தினார். ஒவ்வொன்றாகக் கறுத்தன. ஆண் சிட்டு இரண்டு முறை வந்து, குழல்பூ இருந்த வெற்றிடத்தில் சுற்றிவிட்டுப் போனது. பிறகு வரவில்லை. நாரைக் காற்று கொண்டுபோயிற்று. அக்கா தினமும் அப்பாவுக்கு ஒரு கிண்ணத்தில் செம்பருத்தி பறித்துக் கொடுத்தார். “அந்தப் பொண்ணு மொகம் சரியில்லையே” என்று அம்மா சொன்னதற்கு, “வேல அலுப்பு” என்றார் அப்பா.

அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. அவ்வப்போது அக்காவே காலையில் முதல் ஆளாக மாடிக்கு வந்து ரத்தம் எடுத்துவிட்டு வேலைக்குப் போவார். அந்த மாதமும் வந்தார். அப்பா கையை நீட்டிவிட்டு முகத்தைப் பூஜை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரும் சுல்தான் பீவிக்குக் குறைந்தவர் இல்லை.

அக்கா ரப்பர் பட்டையைக் கட்டினார். ஊசி ஏறியது. குழாயில் ரத்தம் இறங்கத் தொடங்கியதும் சொன்னார்:

“சார், ஆடாதீங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“ஊசியக் குத்திகினா?”

“ஊசி உள்ள இருந்தாத்தான் சார் நீங்க பாதியில எந்திரிச்சிப் போவ மாட்டீங்க.” குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். “அந்தச் செடியெல்லாம் நான் குருவிக்கு வெச்சேன். நீங்க விடியறதுக்குள்ள பூவ எடுத்துட்றீங்க. அது வெயில் வந்தப்புறம்தான் வருது. வந்து பாத்தா ஒண்ணும் இருக்காது. அதான் நீங்க பறிக்காத பூவா பாத்து வெச்சேன். அதையும் புடுங்கிட்டீங்க.”

அப்பா அலமாரியிலிருந்து முகத்தைத் திருப்பி, முதல்முறையாக, ஊசியையே பார்த்தார்.

“மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“வூடு உங்க வூடு. பூ உங்க சாமிக்கு. நான் எந்த வாயால சொல்றது?”

“அப்ப, எந்தப் பூ ஆவும், எது ஆவாதுன்னு கேட்டதெல்லாம்?”

“ஆவாதத வெக்கறதுக்குத்தான் சார்.”

கதவருகே நின்ற அம்மாதான் முதலில் சிரித்தது. அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. “அப்ப நான் பூத்திருடன்! அதான சொல்ற?”

“பஞ்ச அழுத்திப் புடிங்க சார்” என்றார் அக்கா. குழாயில் பெயரை ஒட்டிப் பெட்டியை மூடிக்கொண்டு இறங்கினார். நான் போய்ப் பார்த்தபோது கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். “காலி பண்ணச் சொன்னா சாமானெல்லாம் ஏத்திகினு போயிடலாம் பாப்பா. மண்ண எப்டி ஏத்தறது?”

அப்பா ஒரு வாரம் கீழே இறங்கவில்லை. பூக்காரம்மாவிடம் கதம்பம் வாங்கினார். வாசல் நாற்காலி காலியாகக் கிடந்தது. “உங்களத் திருடன்னு அந்தப் பொண்ணு சொல்லவேல்ல. நீங்களேதான் சொல்லிகினீங்க” என்று அம்மா சொன்னதும் கதம்பத்தை எடுத்துக்கொண்டு பூஜை அலமாரிக்குப் போய்விட்டார். அக்கா வழக்கம்போலக் கிண்ணத்தில் பூ பறித்துப் படியில் வைத்தார். அது வாடும்வரை அங்கேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கடப்பாரையோடு இறங்கினார். ஜெபசிங் அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே பயந்து வெளியே வந்தார். அப்பா யாரையும் பார்க்காமல் குந்தி, தான் நட்ட நந்தியாவட்டையைத் தோண்டித் தொட்டிக்கு மாற்றினார். செம்பருத்தியையும் மாற்றினார். “மொட்டமாடிக்கு இதெல்லாம். பெருமாளுக்குத் துளசி போதும். நான் எப்பவும் சொல்றதுதான?”

“எப்ப சொன்னீங்க?” என்றார் அம்மா மேலேயிருந்து.

அப்பா துளசியில் கை வைத்தபோது அக்கா ஜன்னலுக்கு வந்தார். “அது இருக்கட்டும் சார். பூத்தா தேனீ வரும். எலைய நீங்க எடுத்துக்குங்க, கதிரு மட்டும் கிள்ளாதீங்க.”

“கதிரு கிள்ளாட்டா செடி வளராதும்மா.”

“வளர்றது வளரட்டும் சார்.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “செரி. எல எனக்கு. கதிரு உனக்கு.” பிறகு கடப்பாரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அந்தக் குழல்பூ திரும்ப எங்க கெடைக்கும்?”

நர்சரியில் அது தீர்ந்துவிட்டிருந்தது. சுல்தான் பீவி வீட்டுப் பின்பக்கத்தில் அக்கா கொடுத்த கொம்பு ஒன்று புதராக வளர்ந்திருந்தது. அடுத்த முறை மாமல்லபுரம் போகையில் அப்பாவும் ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போனார். போய்வந்து எங்களிடம் புலம்பியதைத்தான் சொல்கிறேன். வாசலில் நின்றவரைச் சுல்தான் பீவி மேலும் கீழும் பார்த்திருக்கிறார். “ஓ, நீங்கதானா அந்தப் பூப் பறிக்கிற ஓனரு!” திரும்பும் வழியில் கோவளத்தில் ஒரு வீட்டுக்காரரும் அதையே கேட்டாராம்.

“கடலோரம் பூரா ரத்தம் எடுத்துகினே என் மானத்தையும் எடுத்துகினு வந்துகீறா” என்றார் அப்பா.

“யாராண்டையாவது சொல்லணும்ல சார். உங்ககிட்ட சொல்ல முடியல” என்றார் அக்கா.

குழல்பூ பிடிக்க நேரம் எடுத்தது. தேன்சிட்டு அதைவிட நேரம் எடுத்தது. முதலில் தேனீக்கள் துளசிக் கதிருக்கு வந்தன. தை பிறந்து பனி குறைந்த பிறகு ஒரு நாள் ஆண் சிட்டு மதில்மேல் வந்து உட்கார்ந்து, கீச்சென்று கத்திவிட்டு, மதிலோரம் புதிதாகப் பூத்த ஒற்றைச் செம்பருத்தியின் அடியில் மூக்கை வைத்தது. பழையதுதானா, வேறா, யாருக்குத் தெரியும். அக்கா அன்று வேலைக்குத் தாமதமாகப் போனார்.

போன வாரம் நடந்தது இது. அடுத்த தெரு ஹரிஹரன் சார் கொக்கி மாட்டிய குச்சியும் பையுமாக எங்கள் சுற்றுச்சுவர் ஓரம் நின்று செம்பருத்திக் கிளையை இழுத்துக்கொண்டிருந்தார். அப்பா பால்கனியிலிருந்து பார்த்துவிட்டார். முட்டிவலியையும் மறந்து இறங்கினார்.

“சார், சார், வுடுங்க. பறிக்காதீங்க.”

“சாமிக்குங்க” என்றார் ஹரிஹரன்.

அப்பாவும் இத்தனை நாள் நம்பியிருந்த சட்டம் அது. ஹரிஹரன் குச்சியை மறுபடி உயர்த்தினார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மார்கரெட் அக்கா ஐஸ் பெட்டியோடு வெளியே வந்தார். “தெருப்பக்கம் தொங்கறத எடுத்துக்குங்க சார். உள்பக்கம் வேணாம். அது குருவிக்கு வெச்சது.” சாதாரணமாகச் சொன்னார். ஹரிஹரன் சாரும் சாதாரணமாகத் தலையாட்டிவிட்டு, வெளியே தொங்கியதில் இரண்டைப் பறித்துக்கொண்டு நடந்தார்.

“எப்டிம்மா இவ்ளோ சுளுவா சொல்லிட்ட?” என்றார் அப்பா.

அக்கா பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். “உங்ககிட்டயே சொல்லியாச்சு. இனிமே யாராண்ட சார் பயம்?” என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.